பதினேழு வயசு ராஜாக்கள்... உங்க ஓட்டு யாருக்கு?



சில சண்டைகளுக்குத் தீர்ப்பே கிடையாது. இளையராஜாவா, ரஹ்மானா? சச்சினா, லாராவா? ஹாஸ்டல் மொட்டை மாடியில் ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா, பால் வண்டி வர்ற வரைக்கும் ஓடும். தொண்டை கட்டும், நட்பு முறியும், காலையில் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடிச்சதும் எல்லாம் சரியாகிடும். முடிவு மட்டும் வராது. வந்துட்டா நாளைக்கு எதைப் பத்திப் பேசுறதாம்?

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை தலைமுறை தலைமுறையா நடந்துக்கிட்டு இருக்கு. முடி வெட்டுற கடையில், காபி கடையில், மைதானத்துப் படிக்கட்டில்... "ஹைஸ்கூல் ஃபுட்பாலில் இதுவரைக்கும் வந்த ரன்னிங் பேக்குகளில் யார்டா நம்பர் ஒன்?"

கவனிங்க பாஸ்... காலேஜ் இல்லை, கோடிகள் புரளும் என்.எஃப்.எல். இல்லை. ஸ்கூல்! பதினாலிலிருந்து பதினெட்டு வயசுப் பசங்க. மீசை ஒழுங்கா முளைக்காத வயசுல ஓடின ஓட்டத்தை வெச்சு, ஐம்பது, அறுபது வருஷம் கழிச்சும் தாத்தாக்கள் மல்லுக்கட்டுறாங்க. அந்தச் சண்டைக்குள்ள நாமும் கொஞ்சம் மூக்கை நுழைப்போம். ஏன்னா, அது விளையாட்டைப் பத்தின சண்டை மாதிரி தெரியும். உள்ளே போனா, பதினேழு வயசுல ஒருத்தன் செஞ்சதை எதை வெச்சு அளக்குறதுங்கிற பெரிய கேள்வி உட்கார்ந்திருக்கும்.

முதல்ல ஆட்டம் என்னன்னு பார்த்துடலாம்

இது நம்ம பீலே, மரடோனா ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோளில் பட்டை போட்டுக்கிட்டு மோதுற அமெரிக்கன் ஃபுட்பால். கோட்டுக்குக் கோடு 100 கெஜம் நீள மைதானம். பந்தை வெச்சிருக்கும் அணி நாலு வாய்ப்புக்குள்ள பத்து கெஜமாவது முன்னேறணும். முன்னேறினா இன்னும் நாலு வாய்ப்பு. முடியலைன்னா பந்து எதிரிக்குப் போயிடும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினா 'டச் டவுன்', ஆறு பாயின்ட்.

ரன்னிங் பேக்கின் வேலை சொல்றதுக்கு ரொம்ப ஈஸி. பந்தைக் கையில் வாங்கணும், கக்கத்தில் இடுக்கிக்கணும், பதினோரு பேர் பாய்ஞ்சு வந்து அமுக்குறதுக்குள்ள எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஓடணும். கபடியில் ரைடர் தனியா உள்ளே போறாரே, அந்தத் தில் வேணும். ஒரே வித்தியாசம், ரைடர் தொட்டுட்டுத் திரும்பி வரணும். இவன் திரும்பவே கூடாது.

அவன் ஓடின ஒவ்வொரு கெஜத்தையும் கணக்கெழுதி வைப்பாங்க. கணக்கு இருந்தா ரெக்கார்டு இருக்கும். ரெக்கார்டு இருந்தா சண்டை இருக்கும். சின்ன ஊர்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்கூல் மேட்ச்னா, கடையைச் சாத்திட்டு மொத்த ஊரும் மைதானத்துக்குப் போயிடும். அப்படிப்பட்ட ஊர்ல ரன்னிங் பேக்தான் ராஜா.

நம்பர் கட்சி

வாதத்தில் முதல்ல எழுந்து நிற்பது நம்பர் கட்சிதான். அவங்க கையில் இருக்கும் துருப்புச் சீட்டு கென் ஹால்.

டெக்சாஸில் சுகர் லேண்ட்னு ஒரு ஊர். பேருக்கேற்ற மாதிரி சர்க்கரை ஆலை ஊர். அங்கே ஹைஸ்கூலில் 1950 முதல் 1953 வரை ஹால் ஆடினார். நாலு வருஷத்தில் 11,232 கெஜம். 1953-இல் மட்டும் 12 ஆட்டத்தில் 4,045 கெஜம். அதே வருஷம் ஒரு ஆட்டத்தில் 11 முறைதான் பந்தோடு ஓடினார், 520 கெஜம் வந்துடுச்சு. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்க... ஒரு ஓட்டத்துக்கு 47 கெஜம்! நாலு வாய்ப்பில் பத்து கெஜம் போனாலே கைதட்டுற ஆட்டம் இது.

அந்த 11,232 சும்மா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நிற்கலை. 59 வருஷம் நின்னுச்சு. மனுஷன் நிலாவுக்குப் போயிட்டு வந்தான், கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது, ஹால் ரெக்கார்டு அப்படியே இருந்தது. கடைசியில் 2012-இல் ஃப்ளோரிடாவின் யூலி ஹைஸ்கூல் பையன் டெரிக் ஹென்றி அதைத் தாண்டினார். ஆறடி மூணு அங்குல உயரம். நாலு வருஷக் கணக்கு 12,124 கெஜம். கடைசி வருஷம் மட்டும் 13 ஆட்டத்தில் 4,261 கெஜம், 55 டச் டவுன்.

"அப்புறம் என்ன? ஹென்றிதான் நம்பர் ஒன், கடையைச் சாத்து"ன்னு சொல்றீங்களா? இருங்க. 4,261-ஐ 13-ஆல் வகுத்தா ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 328. 4,045-ஐ 12-ஆல் வகுத்தா 337. மொத்தத்தில் ஹென்றி, சராசரியில் ஹால். நம்பர் கட்சிக்குள்ளேயே ரெண்டு கோஷ்டி!

இன்னொரு சங்கதியும் இருக்கு. ரன்னிங் பேக் தனியா ஓடுறது இல்லை. முன்னாடி நிற்கும் குண்டுப் பசங்க எதிரியை முட்டித் தள்ளி வழி விட்டாத்தான் ஓட முடியும். அந்தப் பசங்க பேர் எந்த ரெக்கார்டு புக்கிலும் கெஜக் கணக்கோடு வராது. கல்யாணத்தில் சமையல்காரர் போட்டோ வராத மாதிரிதான்.

"யாரை எதிர்த்து ஆடினான்?" கட்சி

அடுத்து எழுந்திருப்பது கேள்வி கேட்கும் கட்சி. "சின்ன ஊர், சின்ன ஸ்கூல். எதிரி யாரு? சொத்தை அணியை அடிச்சு எடுத்த கெஜம் எல்லாம் கெஜமா?" நியாயமான கேள்விதான். ஆனா இந்தக் கேள்வியை விடாம இழுத்துக்கிட்டே போனா சிரிப்பு நின்னுடும்.

கென் ஹால் ஆடின காலத்தில் டெக்சாஸில் வெள்ளைக்காரப் பசங்களுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பசங்களுக்கு வேற பள்ளி. பள்ளிகளில் இந்தப் பிரிவினை செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-இல். ஹாலின் கடைசி சீசன் 1953. ஹால் மேல் குற்றமில்லை. அவர் ஸ்கூல் பையன், முன்னாடி நிறுத்தினவங்களை ஓடித் தாண்டினார். ஆனா அவர் முன்னாடி யாரை நிறுத்தலை?

கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி அமைப்பே இருந்தது. ப்ரெய்ரி வியூ இன்டர்ஸ்காலஸ்டிக் லீக். 1920-இல் ஆரம்பிச்சு 1970 வரை நடந்தது. ஊர் மைதானம் வெள்ளிக்கிழமை ராத்திரி வெள்ளைக்காரப் பள்ளிகளுக்கு. இவங்க புதன், வியாழன்களில் ஆடணும். அங்கேயும் கூட்டம் அலைமோதும், பேண்டு முழங்கும். பின்னாளில் என்.எஃப்.எல்.லில் எதிரணியைக் கதிகலங்க வெச்ச ஜோ கிரீன், பப்பா ஸ்மித் எல்லாம் அந்த லீகில் ஆடின பசங்கதான். ஆனா பெரிய பத்திரிகைகள் அந்த ஆட்டங்களைப் பெரிசாக் கண்டுக்கலை. கணக்கு எழுத ஆள் இல்லாத இடத்தில் ரெக்கார்டு எங்கேயிருந்து வரும்?

யோசிச்சுப் பாருங்க. ஏதோ ஒரு வியாழக்கிழமை ராத்திரி, ஏதோ ஒரு பையன் ஹாலைவிட வேகமா ஓடியிருக்கலாம். ஓடாமலும் இருந்திருக்கலாம். நமக்குத் தெரியவே தெரியாது. அதனால 'எல்லாக் காலத்திலும் சிறந்தவர்'னு ஒருத்தரைச் சொல்லும்போதெல்லாம், பாதிப் பக்கம் கிழிஞ்ச புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்றோம்.

கதவு லேசாத் திறந்தப்போ என்ன நடந்ததுங்கிறதுக்கு ஒரு சாம்பிள். 1963, சான் அன்டோனியோ நகரம். கறுப்பினப் பசங்களும் சேர்ந்து படிச்ச பிராக்கன்ரிட்ஜ் ஹைஸ்கூலில் வாரன் மெக்வீனு ஒரு ரன்னிங் பேக். ராபர்ட் இ. லீ ஹைஸ்கூலோடு ஆட்டம். டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. மெக்வீ ஆறு டச் டவுன் போட்டார். அப்படியும் 55-48-னு அவர் அணி தோத்துப் போச்சு. ஆனா டெக்சாஸ் ஸ்கூல் ஃபுட்பாலின் மறக்க முடியாத ஆட்டம் எதுன்னு கேட்டா, அந்தத் தோல்வியைத்தான் இன்னமும் பல பேர் சொல்வாங்க. அடுத்த வருஷமே ஹூஸ்டன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் கொடுத்த முதல் கறுப்பின வீரரானார் மெக்வீ. ஒரே ஒரு ராத்திரி எல்லாரும் பார்க்கிற மாதிரி ஆடக் கிடைச்சது, அவ்வளவுதான்.

நின்னு ஆடின கட்சி

மூணாவது கட்சிக்கு ஒரு நாள் கூத்து பிடிக்காது. "தினமும் ஆடினானா? கோப்பை வாங்கிக் கொடுத்தானா?"

இவங்க கையில் ரெண்டு பேர். ஒருத்தர் ஜார்ஜியாவில் ரைட்ஸ்வில் என்ற சின்ன ஊரின் ஹெர்ஷல் வாக்கர். ஜான்சன் கவுன்டி ஹைஸ்கூல். 1979-இல் 3,167 கெஜம், 45 டச் டவுன், கூடவே மாநிலக் கோப்பை. மொத்தக் கணக்கில் 86 டச் டவுன். அடுத்த வருஷமே ஜார்ஜியா யுனிவர்சிட்டிக்குப் போய், முதல் வருஷத்திலேயே தேசிய சாம்பியன் பட்டத்துக்கு அணியை இழுத்துட்டுப் போனார். மடக்க நினைக்கிறவங்க, "ஸ்கூலில் ஆடினது சின்னப் பள்ளிகள் பிரிவில்தானே?"ம்பாங்க. மேலே சொன்ன கட்சிக்காரங்கதான், வேற யாரு!

இன்னொருத்தர் ஃப்ளோரிடா பென்சகோலாவின் எமிட் ஸ்மித். எஸ்காம்பியா ஹைஸ்கூலில் ஆடின 49 ஆட்டத்தில் 45-இல் நூறு கெஜத்தைத் தாண்டினார். மாசாமாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் போடுற கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி! மொத்தம் 8,804 கெஜம், 106 டச் டவுன், ரெண்டு மாநிலக் கோப்பை. 1986-இல் ஸ்கூலை முடிச்சப்போ நாட்டிலேயே ஹாலுக்கு அடுத்த கணக்கு அவருடையதுதான். இத்தனைக்கும், "உயரம் பத்தாது, வேகம் பத்தாது"ன்னு உதட்டைப் பிதுக்கின நிபுணர்கள் இருந்தாங்க. அந்த வேகம் பத்தாத பையன்தான் பின்னாளில் 18,355 கெஜம் ஓடி என்.எஃப்.எல். ரெக்கார்டை எழுதினார்.

இங்கேதான் ஜாக்கிரதை!

எமிட் பத்திக் கடைசியா ஒரு வரி சொன்னேனே, உடனே மனசுக்குள்ள அவருக்கு மார்க் கூடிடுச்சு இல்லை? அதுதான் இந்த வாதத்தில் எல்லாரும் வழுக்கி விழும் இடம். கேள்வி ஸ்கூல் பத்தி. ஆனா பதிலைப் பின்னாடி நடந்ததிலிருந்து எடுக்கிறோம்.

அந்த அளவுகோல் எவ்வளவு கோணல்னு பாருங்க. பாரி சாண்டர்ஸ்... 1988-இல் ஒரே காலேஜ் சீசனில் 2,628 கெஜம். என்.எஃப்.எல்.லில் பத்தே வருஷத்தில் 15,269. பார்க்கிறவங்க வாயைப் பிளக்கிற ஆட்டம். ஆனா விச்சிட்டா நார்த் ஹைஸ்கூலில்? ஆள் குள்ளம்னு ஓரம் கட்டி, கடைசி வருஷத்தில்தான் முழுநேர ரன்னிங் பேக்கா இறக்கினாங்க. கூப்பிட்ட காலேஜும் ரொம்பக் கொஞ்சம். வால்டர் பேட்டன்... என்.எஃப்.எல்.லில் 16,726 கெஜம். மிசிசிப்பியில் ஸ்கூலில் படிச்சப்போ முதல் ரெண்டு வருஷம் பேண்டு குழுவில் டிரம் வாசிச்சுக்கிட்டு இருந்தார். அண்ணன் எடி ஸ்கூல் டீமில் இருந்தார், அவரோடு போட்டி போட வேணாம்னு. அண்ணன் பாஸாகிப் போன பிறகுதான் தம்பி களத்தில் இறங்கினார்.

பதினேழு வயசு லிஸ்டில் இவங்க பேரே மேலே இருக்காது. அதனால இவங்க வாழ்க்கை ஒண்ணும் நின்னுடலை.

இப்போ மறுபக்கம். 59 வருஷம் ரெக்கார்டு வெச்சிருந்த கென் ஹால், டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்குப் போனார். அங்கே கோச் 'பேர்' பிரையன்ட். கறாருக்குப் பேர் போன மனுஷன். ஸ்கூலில் ஓடின மாதிரி அங்கே ஹாலுக்கு ஓட வாய்ப்பு கிடைக்கலை. பாதியிலேயே கிளம்பிட்டார். உடனே பேச்சு மாறிடுச்சு... "ஸ்கூலோடு சரி"ன்னு.

'ஸ்கூலோடு சரி'... அந்த வார்த்தையில் எவ்வளவு அலட்சியம்! நாலு வருஷம் ஊரையே எழுந்து நிக்க வெச்ச ஓட்டம், காலேஜில் பலிக்கலைன்னதும் செல்லாக் காசாயிடுமா?

என் ஓட்டு

சரி, வாதம்னு வந்துட்டா மதில் மேல பூனையா உட்காரக் கூடாது. என் ஓட்டு மார்க்கஸ் டுப்ரீக்கு.

ஊர், ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியாவின் பெரிய நகரம் இல்லை. மிசிசிப்பியில் நெஷோபா கவுன்டியின் சின்ன ஊர். அந்தப் பேரைக் கேட்டா அமெரிக்கா முழுக்கக் கூசும். 1964 ஜூன் 21 ராத்திரி, கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வேலை செஞ்ச ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூணு இளைஞர்களை அங்கேதான் சுட்டுக் கொன்னாங்க. 44 நாள் கழிச்சு ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து உடல்களை எடுத்தாங்க.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1964 மே மாசம், பிறந்தவர் டுப்ரீ. 1970-இல் அந்த ஊர்ப் பள்ளிகளில் ரெண்டு நிறத்துப் பிள்ளைகளும் ஒண்ணா உட்கார ஆரம்பிச்சப்போ, அவர் ஒண்ணாம் கிளாஸ். ஒண்ணாம் கிளாஸிலிருந்தே சேர்ந்து படிச்ச முதல் செட்டு! அந்தப் பையன் 1981-இல் ஸ்கூல் ஆட்டத்தை முடிச்சப்போ கணக்கு 87 டச் டவுன். வாக்கரின் 86-ஐவிட ஒண்ணு கூட. வெள்ளிக்கிழமைதோறும் வெள்ளை, கறுப்பு எல்லாரும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே பேரைச் சொல்லிக் கத்தினாங்க. அவரைத் தங்கள் காலேஜுக்கு இழுக்க நாலா பக்கத்திலிருந்தும் கோச்சுகள் அந்தக் குட்டி ஊரில் வந்து குவிஞ்சாங்க. வில்லி மோரிஸ் என்ற எழுத்தாளர் அதை வெச்சே ஒரு தடிமனான புத்தகம் எழுதினார், 1983-இல் வெளியானது.

"ஆஹா, ஒரு பையன் ஓடினான், ஊர் திருந்திடுச்சு"ன்னு சினிமாக் கதை விட மாட்டேன். அந்தக் கொலைகளுக்காக 1967-இல் ஏழு பேருக்குச் சதிக் குற்றத்தில்தான் தண்டனை கிடைச்சது. மாநில நீதிமன்றம் ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்ல 2005 ஜூன் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரியா 41 வருஷம்! டச் டவுன் போட்டு நீதி வாங்க முடியாது. ஆனா நேத்து வரைக்கும் ஒண்ணா உட்காராத ஊர், அந்தப் பையனுக்காக ஒண்ணா எழுந்து நின்னது பொய்யில்லை. அவ்வளவு கனத்தையும் சுமந்துக்கிட்டு ஓடினான். நான் அளக்கிற கெஜம் அதுதான்.

அப்புறம்? ஓக்லஹோமா யுனிவர்சிட்டியில் முதல் வருஷம் பிரமாதம். 1983 புத்தாண்டு அன்னிக்கு நடந்த ஃபியஸ்டா பௌலில் 239 கெஜம். ஆனா கோச்சோடு ஒத்துப் போகலை, அந்த வருஷமே விலகிட்டார். வேறொரு தொழில்முறை லீகுக்குப் போனார், 1985-இல் முட்டி போயிடுச்சு. அஞ்சு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1990-இல் என்.எஃப்.எல்.லுக்கு வந்து கொஞ்ச ஆட்டம் ஆடினார். அதோடு முடிஞ்சது. 2010-இல் அவரைப் பத்தி ஒரு டாகுமென்டரி வந்தது. தலைப்பின் அர்த்தம் தமிழில் சொன்னா, 'ஆகாமலே போன ஆகச் சிறந்தவன்'.

அந்தத் தலைப்போடுதான் எனக்குச் சண்டை. ஆகாமலே போனானா? 1981-இல், அந்த ஊர் மைதானத்தில், அவன் ஆகியேதான் இருந்தான்! முழுசா, குறை வைக்காம. அதுக்கப்புறம் முட்டி உடைஞ்சதால, முன்னாடி ஓடின ஓட்டம் ரத்தாயிடுமா என்ன?

உங்களுக்கும் சேர்த்துத்தான்...

நாம ஒரு கெட்ட பழக்கம் வெச்சிருக்கோம். பதினேழு வயசில் ஒருத்தன் செஞ்சது எதுவா இருந்தாலும் அதை 'அட்வான்ஸ்' மாதிரிதான் பார்ப்போம். பாக்கித் தொகை பின்னாடி வந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ஸ்கூலில் நாடகம் போட்டு அரங்கத்தையே அழ வெச்சவன் இன்னிக்கு பேங்கில் வேலை பார்த்தா, "வேஸ்ட் ஆயிட்டான்"னு உச்சு கொட்டுறோம். மாவட்ட அளவில் ஓடின பொண்ணு டிராக்கை விட்டுட்டு சி.ஏ. படிச்சா, "அப்போ ஓடினதெல்லாம் எதுக்கு?"ங்கிறோம். ஓடினது ஓடினதுக்குத்தான்! அன்னிக்கு அது முழுசா நடந்து முடிஞ்ச விஷயம். யாருக்கும் பாக்கி இல்லை.

அதே மாதிரி, பதினேழு வயசில் டிரம் வாசிச்சுக்கிட்டு ஓரமா நின்னவங்களும் நம்ம கிளாஸில் இருப்பாங்க. லிஸ்டில் பேர் இல்லாததால அவங்க கதை முடிஞ்சதாக எழுதிடாதீங்க. பேட்டன் கதை ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்த தடவை மொட்டை மாடியில் "யார் பெரியவன்?" சண்டை ஆரம்பிச்சா, பேரைச் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. "எதை வெச்சு அளக்குறே?" இது ஒண்ணு. "யாரையெல்லாம் ஆடவே விடலை?" இது ரெண்டு. சண்டை அதனால நிற்காது, கவலைப்படாதீங்க. இன்னும் சூடு பிடிக்கும்!

ஹாலா, ஹென்றியா, வாக்கரா, எமிட்டா, இல்லை என் கட்சியில் டுப்ரீயா? உங்க ஓட்டைச் சொல்லுங்க. கூடவே அளவுகோலையும் சொல்லுங்க. அளவுகோல் இல்லாத ஓட்டு செல்லாத ஓட்டு!

அடுத்த வாரம் வேறொரு சண்டையோடு வர்றேன். டாட்டா!